தோற்பைக் குழலும் எம்மூர்ப் பறையும்

சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவிற்கு முந்திய வாரத்தில், விடுதியில் உறைந்த யாவரும் விடியற்காலை ஐந்து மணிக்கே துயில் நீங்கினோம். எம்மை எழுப்பியது கோழியுமன்று, விடுதி மணியுமன்று. விளையாட்டு வெளியில் நம் படைப்பயிற்சி மாணவர் குழுவினர் பேக்பைப் என்னும் தோற்பைக் குழலை ஊதிப் பழகிக்கொண்டிருந்தனர். நண்பர் சிலர் போர்வைக்குள் இருந்தபடியே அவர்களை வைதனர். யாமோ சன்னலருகே நின்று கேட்டோம். துள்ளி நடக்கும் ஒரு பாட்டு. கேட்போர் கால்கள் தாமே தாளமிடும். அதன் பெயர் யாதென்று பயிற்றுநரைப் பின்னர் வினவினோம். சென்னைப் படையணியில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பெரியவர், "இது ஜானி கோப் என்னும் மார்ச்சுப் பாட்டு. ஸ்காட்லாந்துப் படையணிகளில் காலையில் வீரரை எழுப்புதற்கென்றே ஊதுவார்கள். உங்களையும் எழுப்பிவிட்டதன்றோ?" என்று கூறி நகைத்தார்.

அதே வாரத்தில் பிறிதொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. விழா ஊர்வலத்தின் முன்னே பறை முழங்க வேண்டுமென்று தமிழ் மாணவர் சிலர் விரும்பினோம். "பறையா? அது சாவு வீட்டிற்குரியது, கிறிஸ்தவக் கல்லூரியின் வாயிலுக்கு ஏற்றதன்று" என்று ஒரு சாரார் முகஞ்சுளித்தனர். விழா நாளில் மனக்கசப்பு வேண்டாமென்று யாமும் அவ்விருப்பத்தை விடுத்தோம். ஊர்வலத்தின் முன்னே பைக்குழல் சென்றது, அனைவரும் கைதட்டினர், யாமும் தட்டினோம். ஆயினும் உள்ளத்தில் ஒரு வினா முள்ளென நின்றது. கடல் கடந்து வந்த தோற்கருவி ஒன்றிற்குக் கதவு திறந்தது; எம் தெருவிலேயே பிறந்த தோற்கருவி ஒன்றிற்கு அது மூடியது. இதற்குக் காரணம் என்னை? இதனை ஆராயும் பொருட்டு நூலகத்திற் புகுந்து ஜானி கோப்பின் வரலாற்றைத் தேடினோம். அவ்வரலாறே எம் வினாவிற்கு விடையாக அமைந்தது.

1745-ஆம் ஆண்டில், பிரிட்டனின் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் குலத்து இளவரசர் சார்லஸ் எட்வர்டு, தம் குலத்தின் உரிமையை மீட்கக் கருதி ஸ்காட்லாந்தில் வந்திறங்கினார். மலைநாட்டுக் குடிகள் பலர் அவர் பின் திரண்டனர். அவரை அடக்கப் புறப்பட்ட அரசப் படைக்குத் தலைவர் சர் ஜான் கோப் என்பவர். அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், எடின்பரோவுக்குக் கிழக்கே பிரெஸ்டன்பான்ஸ் என்னுமிடத்தில், உள்ளூரார் ஒருவர் காட்டிய சதுப்பு நிலப் பாதையால் இருளில் வந்த மலைநாட்டார், வைகறையில் அரசப் படைமேற் பாய்ந்தனர். அரை மணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. கோப் எஞ்சிய வீரர் சிலருடன் பெரிக் நகரை அடைந்தார். அந்நாட்டு உழவர் ஆதாம் ஸ்கிர்விங் என்பார், பொழுது புலர்ந்தும் படைத்தலைவர் துயில் நீங்கவில்லையோ என்று எள்ளி நகையாடிப் பழைய மெட்டொன்றிற்கு ஒரு பாட்டுக் கட்டினார். மறு ஆண்டில் விசாரணை மன்றம் கோப் குற்றமற்றவர் என்று தீர்த்தது. ஆயினும் உலகோர் நாவில் நிலைத்தது பாட்டின் தீர்ப்பே. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அரசரின் படைத்தலைவரை இகழ்ந்த அப்பாட்டையே, பிற்காலத்தில் அவ்வரசர் வழியினரின் படையிற் சேர்ந்த ஸ்காட்லாந்து வீரர் தம்மை எழுப்பும் பாட்டாகக் கொண்டனர்!

இடையில் நிகழ்ந்தது யாது? 1746 ஏப்ரல் 16-ஆம் நாள் கல்லோடன் வெளியில் இளவரசரின் படை முறிந்தது. மலைநாட்டாரின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. அவர்தம் கட்டமிட்ட உடையை அணிதலும் குற்றமென்று அவ்வாண்டிற் சட்டம் பிறந்தது. அச்சட்டம் 1782 வரை நின்றது. ஜேம்ஸ் ரீட் என்னும் குழலூதியைப் பிடித்து யார்க் நகரில் வழக்கு விசாரித்தனர். தாம் வாளேந்தவில்லை, குழல் மட்டுமே ஊதியதாக அவர் முறையிட்டார். மலைநாட்டுப் படை குழலின்றி நடவாது. ஆதலின் குழலும் போர்க்கருவியே என்று மன்றம் முடிவு செய்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஊதுகுழல் ஒன்றிற்காக ஒருவர் உயிர் துறந்தார்!

அரசு மட்டுமோ பகைத்தது? திருச்சபையும் பகைத்ததுண்டு. 17-ஆம் நூற்றாண்டிலே ஓய்வு நாளிற் குழலூதியவரை ஸ்காட்லாந்துச் சபை மன்றங்கள் தண்டித்தன. 19-ஆம் நூற்றாண்டிற் சமய எழுச்சி பரவிய மலைநாட்டுப் பகுதிகளிலும் தீவுகளிலும், மனந்திரும்பினோர் சிலர் குழலையும் பிடிலையும் பாவத்தின் கருவிகளென்று தீயிலிட்டனர். அத்தகைய குழலே 1972-இல் "அமேசிங் கிரேஸ்" என்னும் ஞானப்பாட்டை இசைத்தது. ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் படையணியினர் வெளியிட்ட அவ்விசைத்தட்டு, பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. நம் ஆலயங்களிற் பாடப்பெறும் பாட்டே அது. ஒருகால் எரிக்கப்பட்ட கருவி, பிறிதொருகால் இறைவன் அருளைப் பாடும் கருவியாயிற்று. கருவியிலோ பாவம் இருந்தது?

இழிக்கப்பட்ட குழல் மதிப்புப் பெற்ற கதையின் ஒரு பகுதி நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. லார்டு மக்லவுட் என்பார், இளமையிலே 1745-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சேர்ந்து, கல்லோடன் போருக்கு முந்திய நாளிற் சிறைப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டவர். சுவீடன் நாட்டுப் படையிற் பல்லாண்டு பணிபுரிந்து மீண்ட அவர், 1777-இல் அரசர் பொருட்டு மலைநாட்டில் ஒரு படையணி திரட்டினார். 73-ஆம் படையணி எனப்பட்ட அது, 1780 ஜனவரியிற் சென்னையில் வந்திறங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், அதன் ஒரு பகுதி ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படையால் அழிவுற்றது. மறு ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டையிற் பெரும்போர் மூண்டது. கம்பெனிப் படைக்குத் தலைமை பூண்ட சர் அயர் கூட், பைக்குழலைப் பயனற்ற பழங்காலப் பொருளென்று முன்னர் இகழ்ந்தவர். அன்றோ, குண்டுமாரி மிக்க இடந்தோறும் ஒரு குழலூதி உரக்க ஊதித் தோழரை ஊக்குதலைக் கண்டார், மகிழ்ந்தார், படையணிக்கு வெள்ளிக் குழல் செய்துகொள்ள 50 பவுன் அளித்தார். இஃது அப்படையணியின் வரலாறு கூறும் செய்தி.

அன்பர்களே, ஈண்டுச் சற்றே நின்று எண்ணுமின். 1746-இல் தூக்குக் கயிறு பெற்ற கருவி, 35 ஆண்டு கழித்து வெள்ளி பெற்றது. கருவி மாறிற்றா? இல்லை. தோற்பையும் துளைக்குழலும் அவையே. யாருக்கு எதிராக ஊதப்பட்டது, யாருக்காக ஊதப்பட்டது என்பதே மாறிற்று. தம் நாட்டில் தோற்றவர், பிறர் நாட்டை வெல்வார்க்குத் துணை நின்றபோது அவர் குழல் இனிதாயிற்று. அன்று சேந்தமங்கலம் உள்ளிட்ட எம் சீமை ஐதரின் ஆட்சியில் இருந்தது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் சேலம் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. ஆகவே, பரங்கிப்பேட்டையில் எழுந்த அக்குழலொலி எம்மூர்க் குடிகளின் வாழ்வையும் தொட்டதென்றல் மிகையன்று.

நிற்க. இனி எம்மூரின் கருவியை நோக்குவோம். சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். அம்மலை வல்வில் ஓரியின் மலை. ஓர் அம்பினாற் பல விலங்குகளை வீழ்த்திய அவ்வள்ளலை, இசைக்கருவிகள் ஏந்திய தம் சுற்றத்துடன் கண்டு பரிசில் பெற்றதை வன்பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் எண்ணினார். தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் எப்படியோ, அப்படியே பறையும் ஒரு நிலத்தின் உயிர்க்கூறு. குறிஞ்சிக்கு உரியது தொண்டகப்பறை என்பர் உரையாளர். கொல்லிக் கூற்றத்தில் வென்று தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசு வைக்கும் கட்டிலில் அறியாது துயின்றார் மோசிகீரனார் என்னும் புலவர். அது கொலைக்குரிய குற்றம். அத்துணைத் தெய்வத்தன்மை தோற்கருவிக்கு அன்று இருந்தது. சேரனோ வாளை விடுத்து விசிறி எடுத்து வீசினான். பறையறைவோரும் துடி கொட்டுவோரும் உள்ளிட்ட நான்கு குடிகளையே மேலாகக் கூறினார் மாங்குடி கிழார். பறைதல் என்னும் சொல்லுக்கே சொல்லுதல் என்பது பொருள். தமிழர் தம் உள்ளத்தை உரைத்த கருவி அது.

பிற்காலத்திற் சாதி முறை இறுகியது. பறை ஒரு சாரார் தலையிற் சுமத்தப்பட்ட கடமையாயிற்று. சாவுக்கு அடி, ஊர்க்கட்டளையை அறிவிக்க அடி, கூப்பிட்ட நேரத்தில் வந்து அடி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு எட்டி நில். வெளியார்க்கு இஃது ஏட்டுச் செய்தி. எமக்கு வீட்டுச் செய்தி. எம் பாட்டனாரின் தந்தையார் சேந்தமங்கலத்திற் பறையறைந்தவர். திருமுழுக்குப் பெற்ற நாளன்று தம் பறையை மலையிலிருந்து இழியும் ஓடையில் எறிந்துவிட்டார். பின்னர் அவர் அதனைத் தொட்டதில்லை. எம் பாட்டனார்க்கு இன்று எண்பது அகவை கடந்தது. முன்னிரவில் திண்ணையில் அமர்ந்து, ஒருவரும் காணவில்லை என்று எண்ணியபோது, கட்டிற் சட்டத்தில் விரலால் ஓர் அடியைத் தட்டுவார். யாம் அருகிற் சென்றால் நிறுத்திவிடுவார். ஒருநாள், "தாத்தா, இவ்வளவு நல்ல கலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "கண்ணு, அன்று மாட்டேன் என்று சொல்ல நமக்கு வாயில்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் எங்கப்பா அதை ஆற்றில் போட்டார்" என்றார்.

அச்சொல் எம்மைத் தலைகுனிய வைத்தது. பறையை ஏந்துவோம் என்று விடுதியில் முழங்குதல் எளிது. அதனை எறிந்தவர் பட்ட துயரை அறியாது முழங்குதல் பேதைமை. ஆகவே எம் கருத்தை வரையறுத்துக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பறையை விடுதற்குரிய உரிமையே முதலாவது. விரும்பி எடுத்தற்குரிய உரிமை இரண்டாவது. முன்னதை எம் முன்னோர் தம் துணிவினாற் பெற்றுத் தந்தனர். பின்னதை மறுக்க ஒருவர்க்கும் உரிமையில்லை. ஒரு குடியிற் பிறந்தாய், ஆதலின் அடி என்றலும் அடிமைத்தனம். அக்குடியின் கருவி, ஆதலின் வாயிலுக்கு வெளியே நில் என்றலும் அதே அடிமைத்தனத்தின் மறுமுகம்.

இனி, எதிர்வாதங்களைக் காண்போம். பறை செத்த மாட்டின் தோலாற் செய்யப்படுவது என்பர் சிலர். மிருதங்கமும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் ஆகியவற்றாற் செய்யப்படுவதன்றோ? அது மேடை நடுவே பட்டு விரிப்பின்மேல் அமர்ந்திருக்கின்றது. அதனைச் செய்து தரும் கைவினைஞருட் பலர் தலித் கிறிஸ்தவர் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூலால் அறியலாம். பைக்குழலின் பையும் விலங்கின் தோலே. தோலில் இழிவு காண்போர் மூன்றிலும் காணட்டும். அன்றேல் ஒன்றிலும் காணாதிருக்கட்டும்.

பறை சாவுக்குரியது என்பர் வேறு சிலர். பைக்குழலும் ஸ்காட்லாந்து வீரரின் சவ அடக்கத்தில் இரங்கலிசை ஊதுவதே. அதனால் அது மணவீட்டிற்கு ஆகாதென்று அந்நாட்டார் கருதுவதில்லை. துயரத்திலும் உடனிருக்கும் இசைக்கு மகிழ்ச்சியில் இடமில்லை என்பது நன்றிகெட்ட வழக்கம்.

கிறிஸ்தவ மரபிற்குப் பறை ஒவ்வாது என்பாரும் உளர். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராக விளங்கி 2005-இல் மறைந்த தியாப்பிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றி, உழைக்கும் மக்களின் இசையை ஆலயத்திற்குக் கொணர்ந்தார். பரட்டை என்றே பலரும் அவரை அன்புடன் அழைத்தனர். திண்டுக்கல்லிற் சக்தி கலைக்குழுவை நிறுவிய சந்திரா என்னும் அருட்சகோதரியார், தலித் பெண்களின் கையிலே பறையைத் தந்தார். ஆண்கள் மட்டும் அடித்த கருவியைப் பெண்கள் நிமிர்ந்து நின்று அடிக்கக் கண்டு நாடு வியந்தது. 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அரசும் வணங்கிய கலைக்கு நம் கல்லூரி வாயில் மட்டும் தாழ்ந்துவிடுமோ?

இவர்களுக்கு நேர்மாறாக, பைக்குழல் அந்நியருடையது, அதனை ஒழித்துவிட்டுப் பறையை வைப்போம் என்று எம் தோழர் சிலர் வாதிக்கின்றனர். தில்லியிற் குடியரசு விழாவை முடித்துவைக்கும் படை அணிவகுப்பு நிகழ்ச்சியினின்று "அபைட் வித் மீ" என்னும் ஞானப்பாட்டு 2022-இல் நீக்கப்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். யாம் இதற்கும் உடன்படோம். ஒரு வாயிலைத் திறக்க வேறொரு வாயிலை அடைத்தல் வேண்டா. பையில் மூச்சை நிரப்பிச் சுருதி பிடிக்கும் கருவி தமிழர்க்கும் புதிதன்று. முன்னாளிற் சதிராடும் மகளிர் பின்னே, முகவீணைக்குத் துணையாகத் துத்தி என்னும் தோற்பையை ஊதிச் சுருதி சேர்த்தனர். ஜானி கோப்பைப் பாடிய உழவரும், யார்க் நகரில் உயிர் துறந்த குழலூதியும் எமக்குப் பகைவரல்லர். எம் பாட்டனாரின் தந்தையார்க்கு உறவினர் ஆவர். குழல் ஒலிக்கட்டும். ஆனால் அதன் முழு வரலாற்றோடும் ஒலிக்கட்டும்.

ஒன்றை மட்டும் அஞ்சுகின்றோம். சர் அயர் கூட் அளித்த வெள்ளியைப் போன்ற மதிப்புப் பறைக்கு வேண்டா. பயன்பட்டபோது பரிசு, பயன்படாதபோது இகழ்ச்சி என்பது மதிப்பாகாது. விழா நாளன்று விருந்தினர் கண்ணுக்கு அழகாகப் பறையை முழக்கிவிட்டு, முழக்கியவர்க்குப் பின்வாயிலில் உணவிட்டு அனுப்புவோமாயின், பழைய ஊர் வழக்கத்தையே ஒலிபெருக்கி வைத்து நடத்தியவராவோம்.

ஆகவே, ஆட்சிக் குழுவினர்க்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் பழைய மாணவர்க்கும் யாம் வேண்டுவன மூன்று. வரும் ஆண்டு விழா ஊர்வலத்திற் பைக்குழலோடு பறையும் ஒருங்கே செல்க. பறை பயிற்றும் ஆசான் ஒருவரை முறைப்படி ஊதியம் தந்து அமர்த்தி, மற்ற இசையாசிரியர்க்குரிய இருக்கையை மேடையில் அவர்க்கும் அளிக்க. கற்க வரும் மாணவரை எக்குடி என்று ஒருவரும் வினவாதிருக்க. கற்க விரும்பாதவரை ஏன் என்றும் வினவாதிருக்க.

இக்கட்டுரையை எழுதி முடித்து விடுமுறையிற் சேந்தமங்கலம் சென்றபோது, ஜானி கோப்பின் கதையைப் பாட்டனார்க்குக் கூறினோம். தூக்கிலிடப்பட்ட குழலூதியின் செய்தியைக் கேட்டதும், "ஊதினதற்காகவா?" என்று இருமுறை கேட்டார். கட்டிற் சட்டத்தில் அவர் விரல்கள் மெல்ல அசைந்தன. யாம் அருகிலேயே இருந்தோம். இம்முறை அவர் நிறுத்தவில்லை.